குதிரைக்குப் பின்னால் வருகிறவர்கள்

லண்டனுக்கு வந்து இறங்கியபின் யாரையும் கேட்காமல் நானாகவே அடையாளம் கண்ட முதல் பொருள் குதிரை லத்தி. மற்றதெல்லாம் யாராவது சொல்லித்தான் தெரிந்தது. சுவரோடு பொருத்தியிருந்த வெள்ளை இரும்புச் சட்டத்தைத் துவாய் காயப்போடுகிற கொடி என்று நினைத்தேன். அது வீட்டைச் சூடாக்குகிற சாமானாம். பஸ் தரிப்பில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. இங்கே கையை நீட்டினால்தான் நிற்குமாம். எங்கள் பக்கத்து பஸ்காரன் ஆள் நிற்கிற நிலையைப் பார்த்தே, இவன் ஏறுகிறவனா, சும்மா விடுப்புப் பார்க்க நிற்கிறவனா என்று சொல்லிவிடுவான்.

ஆனால் விம்பிள்டன் கொமன் என்கிற பெரிய பொதுக்காட்டின் நடுவில், ஓக் இலைகள் உதிர்ந்து கிடந்த பாதையில், உருண்டை உருண்டையாகக் குவிந்திருந்ததைக் கண்டபோது எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. நான் நெடுந்தீவான். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கிற எங்கள் தீவில், வெள்ளைக்காரர் விட்டுப்போன குதிரைகள் சொந்தக்காரர் இல்லாமல் பெருகித் திரிகின்றன. அவற்றுக்கு நடுவே சைக்கிளில் பெட்டி கட்டிப் பேக்கரிப் பாண் விற்றுப் பிழைத்தவன் நான். எழுத்து வாசிப்பு எனக்கு மட்டுமட்டு. லத்தியை நன்றாக வாசிப்பேன். காலையில் விழுந்ததா, நேற்று விழுந்ததா, குதிரை நின்று போட்டதா, ஓடிக்கொண்டு போட்டதா என்று பார்த்தவுடனே சொல்வேன்.

என் தங்கச்சி பிலோமினாவின் ஓராண்டு நினைவுப் பூசைக்காகத்தான் வந்தேன். அவள் போன நேரம் எனக்கு விசா கிடைக்கவில்லை. இப்போது கிடைத்தது. அவள் புருசன் சூசை என் வயதுக்காரன். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில், சீற்றுக்குக் கால் எட்டாத வயதில், பாருக்குக் கீழால் காலை விட்டு மிதித்துப் பழகினவர்கள். அவன் நாட்டில் பிரச்சினை நடந்த காலத்தில் லண்டனுக்கு வந்து, பெற்றோல் செற்றில் இரவு ஷிப்ட் செய்தே கிழவனானான். இப்போது கோலியர்ஸ் வுட்டில் மகள் ரெஜினாவின் வீட்டில் இருக்கிறான். ரெஜினா ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவளுடைய புருசன் ஜூட் நல்ல பிள்ளை. அதிகம் பேசமாட்டான், பேசுவதற்கு அந்த வீட்டில் அவனுக்கு இடமும் கிடைக்காது.

வந்த மறுநாள் ரெஜினா எங்கள் இருவரையும் காரில் ஏற்றிச் சேமக்காலைக்குக் கொண்டுபோனாள். பிலோமினாவை அடக்கம் பண்ணின இடம் அந்தப் பொதுக்காட்டுக்கு அப்பால் இருக்கிறது. திரும்பி வரும்போது மாமாவுக்குக் காட்டைக் காட்டுவோம் என்று காரை நிறுத்தினாள். அப்போதுதான் அந்தக் குவியலைக் கண்டோம். சூசை அதற்குப் பக்கத்தில் போய் நின்று, தொப்பியைக் கழற்றாத குறையாக அதைப் பார்த்தான்.

"இதிலைதான் மச்சான்," என்றான்.

"எதிலை?"

"இதிலை இல்லை. இதுக்கு மூத்ததிலை. போன மாதம்."

கதை இதுதான். சூசை கிழமையில் மூன்று நான்கு தரம் இந்தக் காட்டை ஊடறுத்துச் சைக்கிளில் சேமக்காலைக்குப் போய்வந்திருக்கிறான். ஒருநாள் மழை விட்டபின், இலைகளுக்குக் கீழே மறைந்து கிடந்த ஈர லத்தியில் முன்சில்லு வழுக்க, ஆள் விழுந்துவிட்டான். முழங்கை தோல் உரிந்து, இடுப்பு கன்றிப்போனது. நாய்களோடு உலாத்த வந்த ஒருவர் தூக்கிவிட்டிருக்கிறார். லத்தி பட்ட காயம் என்று ரெஜினா தகப்பனை இழுத்துக்கொண்டு போய் ஏற்பு ஊசி போடுவித்தாள். பிறகு சைக்கிளைப் பின்வளவுக் கொட்டிலுக்குள் பூட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து ரெஜினாவுக்கு ஷிப்ட் இல்லாத நாளில் மட்டும் காரில் போகிறான். நடந்து போகலாமே என்று கேட்டேன்.

"மிதிக்க ஏலும், நடக்க ஏலாது," என்றான். முழங்கால் அப்படியாம். எனக்கும் அதே கோளாறு இருப்பதால் உடனே விளங்கியது. சைக்கிளில் ஏறிவிட்டால் எனக்கு முழங்கால் இருப்பதே மறந்துபோகும். இறங்கினால்தான் ஞாபகம் வரும்.

"காரிலை போறதிலை என்ன குறை?"

"அவள் பத்தடி தள்ளி நிண்டு போனைப் பார்ப்பாள். பிள்ளை பார்க்க நான் பிலோவோடை என்னத்தைக் கதைக்கிறது?"

சூசை ஒரு நாளில் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். பெற்றோல் செற்றில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, எத்தனையாம் இலக்கப் பம்ப் என்று கேட்டே காலம் போக்கினவன். பிலோமினாதான் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்தவள். அவள் போனபின் அவன் வாயும் மூடிக்கொண்டது என்று ரெஜினா எனக்குப் போனில் சொல்லியிருந்தாள். சேமக்காலை மர வாங்கிலில் ஒரு போத்தல் தேத்தண்ணியோடு தனியே இருக்கிற நேரம்தான் அவனுக்கு மிச்சம் இருந்தது. சைக்கிள் போனால் அதுவும் போய்விடும்.

அன்று இரவு புட்டும், நான் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பும். கருவாடு கொதிக்கத் தொடங்கியதும் ரெஜினா வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது, மணம் வெளியே போகவில்லை. ஆனாலும் சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாரும் கை கழுவியபின் நான் கதையை எடுத்தேன்.

"பிள்ளை, அந்தச் சைக்கிளைத் திற. நான் கூடப் போறன்."

"மாமா, உங்களுக்கு எத்தினை வயசு?"

"லத்தியிலை விழுகிற வயசில்லை."

"அப்பாவும் அப்பிடித்தான் சொன்னவர். இந்த வயசிலை இடுப்பு எலும்பு உடைஞ்சு வாற ஆக்களை நான் நாளும் பார்க்கிறன். கட்டிலிலை ஏறினால் பிறகு இறங்கிறேல்லை. அம்மா போய் ஒரு வருசந்தான் மாமா."

ஆனாலும் நான் பின்வாங்கவில்லை. லத்தி என்றால் என்ன, அதை எப்படிக் கடப்பது என்று நான் ஆளுக்குக் காட்டிக்கொடுக்கிறேன், பொறுப்பு நான் என்றேன். அவள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். நான் இங்கே நிற்குமட்டும் இரண்டு பேரும் சேர்ந்து போய் வரலாம். பிசகில்லாமல் வந்தால் சைக்கிள் அப்பாவுக்கு. பிசகு நடந்தால் மறுபேச்சில்லாமல் அது பழைய சாமான் விற்கிற தருமக் கடைக்குப் போகும். சூசை தலையாட்டினான். ஜூட் தன் சைக்கிளை எனக்குத் தந்தான். அது வாசலில் உடுப்புத் தொங்கவிடப் பாவனையில் இருந்தது.

அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தடித்த டயர், கைபட்டால் நிற்கிற பிறேக், எண்ணி முடியாத கியர். மட்கார்ட் மட்டும் இல்லை. மழை பெய்கிற தேசத்தில் மட்கார்ட் இல்லாத சைக்கிளை விற்கிறவனையும் வாங்குகிறவனையும் நான் என்னவென்று சொல்ல? எங்கள் ஊரில் மழை கண்டு மாதக்கணக்கானாலும் இரண்டு சில்லுக்கும் மட்கார்ட் இருக்கும். பின்னதில் ஒரு றப்பர்த் துண்டும் தொங்கும். சூசையின் பழைய சைக்கிளில் எல்லாம் இருந்தது.

முதல் நாள் சவாரி நன்றாகப் போனது. விம்பிள்டன் ஏற்றத்தில் இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கடந்து போனார்கள். காட்டுக்குள் புகுந்ததும் நான் முன்னால் போனேன். லத்தியைக் கண்டால் பிறேக் பிடிக்கக்கூடாது, ஹாண்டிலைத் திருப்பக்கூடாது. முன்கூட்டியே பார்த்து விலத்த வேண்டும். விலத்த இடமில்லையென்றால் மிதிப்பதை விட்டு, நேராக, ஒன்றும் நடக்காததுபோல அதன்மேல் போக வேண்டும். காய்ந்தது ஒன்றும் செய்யாது, அது வெறும் புல். ஈரமானது சவர்க்காரம். இலைகள் பரவியிருக்கிற இடத்தில் ஒரு இடம் மட்டும் சற்று மேடாக இருந்தால் அதுக்குள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு போனேன். சூசை "ஓம், ஓம்" என்று பின்னால் வந்தான்.

அன்று சேமக்காலையில் நான் தங்கச்சிக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். சூசை அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தான். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. என்ன கதைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காற்றாலை ஒன்றுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை. ஸ்கோன் என்று ஒரு பலகாரம் வாங்கித் தந்தான். பேக்கரியில் அடி இறுகிப்போன பணிஸ் மாதிரி இருந்தது. பசுப்பாலாடையும் ஜாமும் பூசினால் இறங்குகிறது. பக்கத்து மேசையில் இறுக்கமான களிசான் போட்ட இரண்டு சைக்கிள்காரர் சூடாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை லத்தி தெறித்த பச்சைக் கோடு. மட்கார்ட் இல்லாதவன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. தண்ணீர்ப் போத்தலின் வாயைத் துணியால் துடைத்துத் துடைத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?" என்று சூசையைக் கேட்டேன்.

"நாய் வைச்சிருக்கிறவன் தன்ரை நாயின்ரையைப் பையிலை பொறுக்க வேணும், பொறுக்காட்டித் தண்டம். குதிரை வைச்சிருக்கிறவன் ஏன் பொறுக்கிறதில்லை எண்டு கேக்கிறான்."

"மற்றவன்?"

"அதுக்கு எவ்வளவு பெரிய பை வேணுமெண்டு கேக்கிறான்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். கிழவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று வீட்டு வாசலில் ரெஜினா தகப்பனைச் சுற்றி நடந்து பார்த்தாள். பிறகு என்னையும் பார்த்தாள். லத்தி ஒரு பொட்டு இல்லை. நான் நிமிர்ந்து நின்றேன்.

அடுத்த முறை போனபோது இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. காட்டுக்குள் பாதை ஒடுங்குகிற இடத்தில் முன்னால் ஒரு குதிரை. மண்ணிறம், பெரிய பின்பக்கம். மேலே தலை நரைத்த ஒரு பெண். ஆடி அசைந்து, கோயில் தேர்போலப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வேகத்தில் பின்னால் போனால் சேமக்காலை பூட்டிவிடும்.

இந்த இடத்தில் எங்கள் தீவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வழியில் குதிரை நின்றால் நாங்கள் மணி அடிக்கமாட்டோம், குரல் காட்டமாட்டோம், முகத்தைப் பார்க்கமாட்டோம். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காற்றுப்போலக் கடந்துவிடுவோம். பாண் விற்கத் தொடங்கின புதிதில் எனக்கு அது தெரியாமல், ஒரு குதிரைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று சைக்கிளின் றப்பர்க் கோணைப் 'பாம்' என்று அமத்திவிட்டேன். இரண்டு பக்கமும் கல்மதில், நடுவே ஒடுங்கின ஒழுங்கை. முன்னால் ஓட வழியில்லாமல் அவ்வளவும் திரும்பி என் மேலால் வந்தன. நான் மதிலில் ஏறித் தப்பினேன். பாண் எல்லாம் காகத்துக்குப் போனது. அதற்குப் பிறகு குதிரையைக் கண்டால் என் சைக்கிள் சங்கிலிகூடச் சத்தம் போடாது.

சூசைக்குச் சைகை காட்டினேன். அவனும் தீவான், சொல்லத் தேவையில்லை. மிதிப்பதை விட்டு, இருவரும் வரிசையாக, வலப்பக்கத்தால் நழுவிப் போனோம்.

நான் குதிரையின் பின்தொடைக்கு நேரே வந்தபோது அது என்னைக் கண்டது. கண்ட கணத்தில் நாலு காலும் நிலத்தைவிட்டுப் பக்கவாட்டில் எழும்பின. மேலே இருந்த பெண் "ஹோ, ஹோ" என்றபடி அதன் கழுத்தோடு படுத்துவிட்டாள். விழவில்லை. நல்ல சவாரிக்காரி. அதே கணத்தில் குதிரை வாலைத் தூக்கி, வயிற்றில் இருந்த எல்லாவற்றையும் என் முன்சில்லுக்கு முன்னால் போட்டது. ஆவி பறந்தது.

நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்த அவ்வளவும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் கை பிறேக்கைப் பிடித்துவிட்டது. பாண்காரன், லத்தி வாசிக்கிறவன், பொறுப்பு நின்றவன், நீட்டி நிமிர்ந்து அதற்குள் கிடந்தேன்.

சூசை விழவில்லை. இறங்கி என்னைத் தூக்கினான். அந்தப் பெண் குதிரையை அடக்கி நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். கோபமாகத்தான் தொடங்கினாள். நான் எழும்பி நின்ற கோலத்தைக் கண்டபின் குரல் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் நீளமாகப் பேசினாள். நடுவில் சூசையைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டாள். அவன் தலையைக் குனிந்தான்.

"என்ன சொல்றா?" என்றேன்.

சூசை யோசித்தான். "குதிரையின்ரை பேர் பிஸ்கட்டாம்."

"இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவ?"

"மிச்சத்தை வீட்டை போய்ச் சொல்லுறன்."

"மச்சான், நான் லத்திக்குள்ளை நிக்கிறன். இப்ப சொல்லு."

அவன் சொன்னான். அந்தப் பெண் சூசையை அடையாளம் கண்டுவிட்டாளாம். பழைய சைக்கிளில், தொப்பியோடு, சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிழல்போலக் கடந்து போகிற ஆளை அவள் எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். பிஸ்கட் நாய்க்குப் பயமில்லை, பிள்ளை வண்டிலுக்குப் பயமில்லை, குடைக்குப் பயமில்லை. குரல் இல்லாமல் பின்னால் வருகிற ஒன்றுக்குத்தான் பயம். புலி அப்படித்தானே வரும். பயந்தால் குதிரைக்கு முதலில் இளகுவது வயிறு. இந்தப் பாதையில் பிஸ்கட் போடுகிறதில் பாதி, சூசை கடந்து போன இடங்களில் போட்டதுதானாம்.

எங்கள் தீவுக் குதிரை மனிதனை அறியாதது. மனிதக் குரலுக்கு ஓடும். இது மனிதன் கையில் வளர்ந்தது. மனிதக் குரலைக் கேட்டால்தான் நிம்மதி. உருவம் ஒன்று, குணம் நேர்மாறு. அதைக் குதிரைகளுக்கு நடுவே வாழ்ந்த நான் ஒரு கணமும் யோசித்துப் பார்க்கவில்லை.

"மன்னிப்புக் கேட்டனியோ?"

"கேட்டனான். கதைக்கச் சொல்றா. பின்னால வரேக்கை தூரத்திலையே நிண்டு கதைக்கட்டாம். எந்தப் பாசையெண்டாலும் பரவாயில்லையாம். வாறது மனிசர் எண்டு தெரிஞ்சால் பிஸ்கட்டுக்குப் போதுமாம்."

அவள் என்னிடம் ஒரு துணியை நீட்டினாள். பிறகு சூசையிடம் இன்னும் ஏதோ சொல்லித் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். லத்தியை ஒதுக்கிவிட்டுப் போகத்தான் அவளுக்கும் விருப்பமாம். ஆனால் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருக்கிறதால் இறங்கினால் திரும்ப ஏற ஒரு மரக்குற்றி வேண்டுமாம். சூசை தன் முழங்காலைக் காட்டினான். நான் என்னுடையதைக் காட்டினேன். அது விழுந்ததில் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது.

வீட்டு வாசலில் ரெஜினா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் பின்வளவால் போய், குளிரில் வாளித் தண்ணீரில் குளித்துத்தான் உள்ளே விடப்பட்டேன். ஏற்பு ஊசியும் மறுநாள் எனக்கு நடந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"சனிக்கிழமை சைக்கிள் தருமக் கடைக்குப் போகுது."

"அப்பா விழேல்லைப் பிள்ளை. நான்தான் விழுந்தது."

"பொறுப்பு நிண்டவரே விழுந்தால் நான் ஆரை நம்புறது மாமா? நீங்கள் விழுந்த இடத்திலை அடுத்த முறை அப்பா விழமாட்டார் எண்டு ஆர் சொல்றது? இப்ப நீங்கள் இருக்கிறீங்கள். நீங்கள் போன பிறகு அவர் அங்கை தனியக் கிடந்தால்?"

அவள் சொன்னது நியாயம். நான் வாதாடிப் பழகினவன்தான், ஆனால் முழங்காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு வாதாடுவது கஷ்டம். அப்போது சூசை தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"நான் விழுந்த லத்தியும் நான் போடவைச்சதாத்தான் இருக்கும்," என்றான்.

ஜூட்டுக்குப் புரையேறிவிட்டது. நான் வந்தபின் அவன் சிரித்து அப்போதுதான் கண்டேன். ரெஜினா சிரிக்கவில்லை. என்னப்பா என்று கேட்டாள். சூசை பிஸ்கட்டின் கதையைச் சொன்னான். அரைகுறையாக, நாலு வசனத்தில். நான் நடுவில் புகுந்து நிரப்பாமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

"இனிக் கதைச்சுக்கொண்டு போறன். ஒருக்கா வந்து பார் பிள்ளை. பிறகு நீ சொல்லுறதுதான்."

"நீங்கள் கதைக்கிறதோ? எங்களோடையே கதைக்கிறேல்லை. குதிரையோடை கதைக்கப் போறீங்களோ?"

அவள் எழும்பித் தட்டுகளை அடுக்கினாள். வெள்ளிக்கிழமை தனக்கு ஷிப்ட் இல்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் மிதிக்க முடியாத நிலை. ரெஜினா சூசையின் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக் கொண்டுவந்து காட்டின் ஓரத்தில் இறக்கினாள். தகப்பனின் தொப்பியை எடுத்துவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டி, தாடையில் வாரை இழுத்துப் பூட்டினாள். சின்ன வயதில் அவளுடைய பள்ளிக்கூடத் தொப்பியை அவன் அப்படித்தான் பூட்டியிருப்பான். நான் நொண்ட நொண்ட நாங்கள் இருவரும் கொஞ்சத் தூரம் முன்னுக்கு நடந்து, பாதை ஒடுங்குகிற இடத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றோம். அவள் ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள். எனக்குத் துணையாகத்தான் பிடித்தாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பிடி இறுகிக்கொண்டு போனது.

வழக்கமான நேரத்துக்குப் பிஸ்கட் வந்தது. அதே பெண். அவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். அவள் என்னைக் கண்டு சவுக்கைத் தூக்கிக் காட்டினாள். கொஞ்சம் பின்னால், வளைவில், சூசையின் சைக்கிள். அவன் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தான். ஒரு தரம் தொண்டையைச் செருமினான். பிறகு அந்தக் காட்டுக்குள் எனக்கு நல்லாய்ப் பழக்கமான ஒரு குரல் கேட்டது. கடலுக்குக் குறுக்கே வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிடுகிற எங்கள் தீவுக் குரல்.

"பிஸ்கட் தம்பி, நான் சூசை. பின்னால வாறன். வலப்பக்கத்தாலை போகப்போறன், நீ ஒண்டுக்கும் யோசியாதை. முந்தி நான் வந்தது பிழைதான். எனக்கு உன்ரை பழக்கம் தெரியாது, உனக்கு என்ரை பழக்கம் தெரியாது."

குதிரையின் ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது. கால் நிற்கவில்லை.

"நான் பிலோவிட்டைப் போறன். அவவோடை கதைக்கப் போறன். நேற்றுப் போகேல்லை, முந்தநாளும் போகேல்லை, அவ கோவிச்சுக்கொண்டிருப்பா. இண்டைக்கு என்ரை மகளும் வந்திருக்கிறாள். மரத்துக்குப் பின்னால நிக்கிறாள், நீ திரும்பிப் பார்க்காதை. நல்ல பிள்ளை. சரியாப் பயப்பிடுவாள், தாயைப் போலை. இந்தா, இப்ப உனக்குப் பக்கத்திலை வந்திட்டன். வந்திட்டனோ? இந்தா, போறன். சரி தம்பி. போயிட்டு வாறன்."

அவன் கடந்து போனான். குதிரை தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு அதே நடையில் நடந்தது. வால் தொங்கினபடியே தொங்கியது. மேலிருந்த பெண் அவன் முதுகுக்கு நன்றி சொன்னாள். சூசை ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், சேமக்காலைப் பக்கம் வளைவில் மறைந்தான்.

ரெஜினா என் கையை விட்டுவிட்டு இரண்டு அடி அவன் போன பக்கமாக நடந்தாள். எட்டி நடந்தால் பிடித்துவிடலாம். மூன்றாவது அடி வைக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா இப்பிடிக் கதைப்பாரோ மாமா?"

"ஊரிலை வள்ளத்திலை இதைவிடக் கதைச்சவன்."

கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். அங்கே லத்தி ஒன்றும் இல்லை.

"போகட்டும். அவர் கதைச்சு முடிச்சு வரட்டும்," என்றாள். "வாங்கோ, நாங்கள் தேத்தண்ணி குடிப்பம்."

கடையில் அவளுக்கும் ஸ்கோன் பிடிக்கவில்லை. சூசை வர நெடுநேரம் சென்றது. அவள் போனைப் பார்க்கவில்லை.

மிச்ச நாட்களில் பூசை நல்லபடி நடந்தது. பங்குச் சனம் எல்லாரும் வந்து, ரோல்ஸும் கட்லட்டும் சாப்பிட்டு, பிலோமினாவைப் பற்றி நல்லதாகவே பேசிவிட்டுப் போனார்கள். நான் ரெஜினாவோடு லண்டனுக்கு வடக்கே ஆர்ச்வேயில் ஒரு பழைய ஊர்க்காரனைப் பார்க்கப் போய், பாதாள ரயிலில் கதவு மூட ரெஜினா உள்ளேயும் நான் வெளியேயும் நின்றோம். அசையாமல் நின்ற இடத்தில் நின்றால் வந்து கூட்டிக்கொண்டு போவாள் என்று எனக்குத் தெரியும். நின்றேன். வந்தாள்.

நான் புறப்படுகிற நாளும் வந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரை விமானநிலையத்துக்கு வழியனுப்புவதென்றால் வான் பிடித்துக் குடும்பத்தோடு போவார்கள். பெட்டியைவிட ஆட்கள் கூட இருப்பார்கள். எனக்கு ரெஜினாவும் ஜூட்டும் மட்டுந்தான். கார் வீதியால் திரும்பும்போது அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"மாமா, குறை நினைக்காதேங்கோ. அப்பா விடியவே வெளிக்கிட்டிட்டார். மாமா போறார், நில்லுங்கோ எண்டனான். அங்கை ரெண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பினம், நான் போகவேணும் எண்டு சொல்லிப்போட்டுச் சைக்கிளிலை போயிட்டார்."

"நீ மறிக்கேல்லையோ?"

"மழை வரும், கவனம் எண்டு மட்டும் சொன்னன்."

நான் சீற்றில் நன்றாகச் சாய்ந்து இருந்தேன். என்னை வழியனுப்ப ஒருவன் வராமல் போனதற்கு நான் சந்தோசப்பட்டது அது ஒரு தரந்தான்.